என் வலப்பக்கத்தில் உட்கார்ந்த தம்பி

கர்த்தருக்குள் அன்பானவர்களே, 1978 ஆகஸ்டில் எங்கள் வீடு இரண்டாகப் பிளக்க இருந்தது. காரணம் என் பேனா.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் வருவதையும் போவதையும் குறிக்கும் டைம் ஆபீஸ் கிளார்க் நான். என் தம்பி தானியேல் அங்கேயே தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிலர் வேலையை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியே நின்று கோஷம் போட்டார்கள். வெளியே போனவர்களின் பெயரை எழுதச் சொன்னார் மேனேஜர். 10.45-க்கு கேட்டைத் தாண்டிய தானியேலின் பெயரையும் எழுதினேன். தம்பி என்று பார்க்காததை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவனை சஸ்பெண்ட் செய்தார்கள்.

“கூடப் பொறந்தவன் பேர எழுதறப்ப கை நடுங்கல உனுக்கு?” என்றான்.

“வேலைய வுட்டுட்டுப் போனவன் நீ” என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. அடுப்பும் தனியானது. பத்து நாளில், வரும் சனிக்கிழமை தன் மாமனார் ஊரான ஒடுகத்தூருக்கே குடிபோவதாக என் மனைவியிடம் சொன்னான்.

மாலை ஏழு மணி குடும்ப ஜெபம் மட்டும் நிற்கவில்லை. எங்கள் அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது. வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தமக்கு வலப்பக்கம் இருப்பவருக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். எனக்கு வலப்பக்கம் தானியேல். அப்பா மறைந்த பிறகும் இடத்தை யாரும் மாற்றியதில்லை.

அந்த ஜெபத்தையும் கல்லாக்கி எறிந்தேன். “ஆண்டவரே, தானியேலின் பெருமையை நொறுக்கும்” என்பேன். அவன் தன் மனைவிக்காக ஜெபிக்கிற சாக்கில், “பொய் எழுதறவங்க கையிலருந்து எங்களக் காப்பாத்தும்” என்பான்.

“ஆண்டவர்கிட்ட பேசறீங்களா, ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிறீங்களா?” என்று ஆமென்னுக்குப் பிறகு என் மனைவி கேட்டாள். தனியாக இருக்கும்போதோ, அவன் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று அழுது ஜெபித்தேன்.

வெள்ளிக்கிழமை அவனுடைய டிரங்குப் பெட்டி கயிறு கட்டி வாசலில் இருந்தது. ஜெபத்துக்கு வரமாட்டான் என்று நினைத்தேன். பாட்டு தொடங்கியதும் வந்து உட்கார்ந்தான்.

“அப்பா வெச்ச எடம். உனுக்காக வரல” என்றான்.

என் முறை வந்தது. “தானியேலுக்காக...” என்றேன். ‘பெருமையை நொறுக்கும்’ என்று சொல்ல வந்து நிறுத்தினேன். நான் எழுதியதில் பொய் எது என்று ஒரு நாளும் அவனைக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் திறந்தேன்.

“அன்னிக்கு எங்கடா போன?”

“இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? தொட்டியில வுழுந்த ஆளுக்கு ரிக்‌ஷா புடிக்க ஓடினேன். பின்கேட்டு வழியா ஏத்தி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன்.”

“ஏன்டா சொல்லல?”

“நீ கேட்டியா? எழுதிட்டு இல்ல வந்த!”

வேலையில் நடப்பதை அன்றன்று குறித்து வைக்கும் என் டைரியை எடுத்தேன். ‘10.40: தொட்டியில் ஒருவர் விழுந்தார். 10.45: தானியேல் வெளியேறினான்.’ இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. சேர்த்துப் படிக்க எனக்கு மனமில்லாமல் போயிருந்தது.

காலையில் மேனேஜரிடம் என் அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுத்தேன். “உங்க வீட்டு சண்டைக்கு என் ஆபீஸா?” என்று கத்தினார். என்னைக் குடோனுக்கு மாற்றினார். திங்களன்று தானியேல் வேலைக்குத் திரும்பினான். பெட்டியை உள்ளே இழுத்துப் போட்டவன், “மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத” என்றான். மன்னிக்க அவனுக்கு ஐந்து மாதம் ஆனது. ஐந்து மாதமும் ஏழு மணிக்கு முறைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

அவனைத் தாழ்த்தும்படி கேட்டேன். கர்த்தர் என்னைத் தாழ்த்தி, அவனை வீட்டில் வைத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, வீட்டில் சண்டை என்று குடும்ப ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள். முகம் கொடுக்கப் பிடிக்காவிட்டாலும் வந்து உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரின் பெயரைச் சொல்லுங்கள். குற்றம் சொல்ல வாய் வரும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, அவரையே கேளுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் கர்த்தர் பேசுவார்.