சால்வைக்குள் ஒரு மருந்து மூடி

யூத விதிப்படி சமைக்க ஆகுமா ஆகாதா என்று யாராவது கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தால், எங்கள் குரு ரபி மசூத் தொலெதானோ கோழியைப் பார்ப்பதில்லை. கொண்டுவந்தவரின் செருப்பைப் பார்ப்பார். அடி தேய்ந்த செருப்பென்றால், கோழி வயிற்றில் குண்டூசி என்ன, கடப்பாரையே கிடந்தாலும், நாலு தடிப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "ஆகும்மா, போய்க் கொழம்பு வை" என்பார். பளபளக்கும் தோல் செருப்பென்றால் ஒரே நொடிதான். "ஆகாது. வேற வாங்கு. ரெண்டா வாங்கி, ஒண்ணப் பக்கத்து வீட்டுல குடு."

ஜெருசலேம் சந்தைக்குப் பின்னாலுள்ள எங்கள் சந்தில் இது பிடிக்காதவர்களும் உண்டு. முதல் ஆள் ஜெபக்கூடத் தலைவர் அம்சலெம். "கிழிஞ்ச செருப்போட பன்னியத் தூக்கிட்டு வந்தாலும் ஆகும்னுடுவீரு!"

ரபி தாடியைச் சொறிவார். "எவ்வளவு கிழிஞ்ச செருப்பு?"

அவர் கோட்டுப் பையில் இருமல் மருந்துப் புட்டியின் அளவு மூடி ஒன்று எப்போதும் கிடக்கும். புட்டியை யாரும் கண்டதில்லை. மூடி எதற்கென்று போன பாவமன்னிப்பு நோன்பன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தையற்காரர் யாயிஷுக்குச் சர்க்கரை. பட்டினி கிடந்தால் சாயங்காலத்துக்குள் ஆள் போய்விடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அறுவது வருசமா அன்னைக்குப் பச்சத்தண்ணி தொட்டதில்ல ரபி. போனா போறேன்."

"நீ போயிருவ. பாவம் எந்தலையில விழும். உனக்குத் திங்கறதுதான்டா அன்னைக்கு நோன்பு. இந்த மூடி அளவு, ஒம்போது நிமிசத்துக்கு ஒரு தடவ. அதுக்கு மேல போனாத்தான் நோன்பு முறியும்."

"ஊரே பட்டினி கெடக்க, நான் வீட்ல ஒக்காந்து மெல்லவா? ஜெபக்கூடத்த விட்டு நகரமாட்டேன். எவன் கண்ணுலயாவது பட்டேன்னா அங்கயே உசுர விட்ருவேன்."

"அப்ப படாம தின்னு."

நோன்பன்று தோல் செருப்பு கூடாது. ஏழை, பணக்காரர் எல்லாரும் ரப்பர் செருப்பு. ரபிக்குத் துப்புக் கிடைக்காத ஒரே நாள். அவர் யாயிஷைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் வெள்ளை ஜெபச் சால்வையை இரண்டு தலைக்கும் சேர்த்துப் போர்த்தினார். முன்பக்கம் ஓர் இடுக்கு. பெண்கள் மாடத்திலிருந்த என் கண் அதற்கு நேராக இருந்தது.

மூடியில் காய்ந்த ரொட்டித் தூள். யாயிஷ் மென்று விழுங்கப் படாத பாடு பட்டார், தோள் குலுங்கியது. பின்வரிசைக்காரர்கள், மனிதர் பாவங்களை நினைத்துத் தேம்புகிறார் என்று தாங்களும் தேம்பினார்கள். தூள் தொண்டையில் சிக்கி அவர் இருமினார். ரபி அவர் முதுகில் ஓங்கி அறைந்தார்.

எங்கள் ஆட்கள் பாவங்களைச் சொல்லி மார்பில்தான் தட்டிக்கொள்வார்கள். முதுகு புதிது. ஏதோ மறந்துபோன பெரிய பரிகாரம் போலிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவர் முதுகில் ஒருவர் ஓர் அறை வைத்தார். அவர் அடுத்தவர் முதுகில் வைத்தார். கால் மணி நேரத்தில் கூடம் முழுக்க அறை. மூன்று தெருப் புறாக்கள் கிளம்பிப் போயின, இன்னும் திரும்பவில்லை. கசாப்புக்காரர் பத்து வருஷப் பகையை அன்று பக்தியோடு தீர்த்துக்கொண்டார்.

அம்சலெம் மட்டும் தூணைப் பிடித்து நின்றார். இதயத்துக்கு மாத்திரை விழுங்குகிறவர். டாக்டர் வேண்டாமென்றும், ரபியின் காதுக்குப் போகாமல் மறைத்து நோன்பிருக்கிறார் என்று அவர் மனைவி என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"எந்தப் புத்தகத்துலய்யா இருக்கு இது?" என்று தள்ளாடி வந்து, சால்வை ஓரத்தைத் தூக்கினார்.

யாயிஷின் வாய் நிறைய ரொட்டி. மெல்லவுமில்லை, விழுங்கவுமில்லை; முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

அம்சலெம் வாயைத் திறந்தார். மூச்சுதான் இரைத்தது. ரபி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், கீழே பார்த்தார். ரப்பர் வாரின் இரண்டு பக்கமும் பாதங்கள் புளித்த மாவாய் உப்பிப் பிதுங்கிக்கொண்டிருந்தன.

யாயிஷ் ஒரு மடக்கில் விழுங்கிவிட்டு, நகர்ந்து இடம் விட்டார். ரபி சால்வையின் மறுமுனையை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.