ஏட்டையா செய்த ஆள்மாறாட்டம்

எங்கள் கல்லூரியில் உளவியல் கருத்தரங்கம் எப்போதும் சாரல் காலத்தில்தான் நடக்கும். மார்ச்சில் வைத்தால் ஈ, காக்கா வராது. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் போதும், மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் அறிஞர்கள் கட்டுரையும் கையுமாக, கூடவே துண்டும் எண்ணெயுமாக வந்து இறங்குவார்கள். காலை அமர்வில் மன அழுத்தம் பற்றி உருகிப் பேசுவார்கள். மதியம் பாதி நாற்காலி காலியாக இருக்கும்; மீதியில் ஈரத்தலைகள் தூங்கிக்கொண்டிருக்கும். இந்தச் சபையில்தான் என் ஆராய்ச்சி வாழ்க்கை வளர்ந்தது.

நான் நடத்துவது நலவாழ்வு உளவியல். நோய் வந்தவர்கள் டாக்டர் சொன்னதை ஏன் கேட்பதில்லை என்பது என் ஆய்வு. சொந்தக்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் உயிர் போய்விடும். ஒரு கல்யாணப் பந்தியில் அத்தை ஒருத்தி, "மாத்திரை முழுங்காதவங்கள வேடிக்க பாக்கதுக்கா சம்பளம் தாராவ?" என்று கேட்டாள். ஆமாம், தருகிறார்கள். எனக்கும் ஆச்சரியம்தான்.

தென்காசி, கடையநல்லூர், சிவகிரி என்று வீடு வீடாகப் போய்ப் பேசியதில் ஒன்று புரிந்தது. இங்கே சர்க்கரை டெஸ்ட் என்பது பரீட்சை. அதற்கு முந்தைய வாரம் பாகற்காய், வெந்தயம், விறுவிறு நடை. ரத்தம் கொடுத்ததும் கையில் ஒட்டிய பஞ்சைக்கூட எடுக்காமல் நேரே மிட்டாய்க் கடை. நோயிலிருந்து தப்பிப்பது யாருக்கும் லட்சியம் இல்லை. டாக்டரின் ஏச்சிலிருந்து தப்பினால் போதும். இதைக் கட்டுரையாக வாசித்தேன். ஈரத்தலைகள் விழித்துக் கைதட்டின.

அப்படிப் பரீட்சைக்குப் படிக்கிற ஆள் ஒருவர் எங்கள் வீட்டிலேயே உண்டு, என் அப்பா. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு இன்றும் ஏட்டையா. தேரோட்டக் கூட்டத்தை ஒற்றைக் குரலில் ஒதுக்கியவர், ஊசியைக் கண்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். போன வருடம் சாரல் தொடங்கும்போது டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சாரல் முடிவதற்குள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறையாவிட்டால் மாத்திரை போதாது, தினமும் இன்சுலின் ஊசி. அந்த மூன்று மாத டெஸ்ட் பொல்லாதது. கடைசி வாரப் பாகற்காய்க்கு மயங்காது. செங்கோட்டைப் பக்கம் போய்த் தின்ற பரோட்டாவையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். இதை அப்பாவுக்குப் படம் போட்டு விளக்கியவள் நான்தான். சும்மா இருந்திருக்கலாம்.

டெஸ்டுக்குக் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், வடகரை மாமா வருவார் என்றார். மாமா அப்பாவின் ஆயுள்கால நண்பர், தென்னந்தோப்புக்காரர். பிறந்ததிலிருந்து ஒரு டெஸ்டும் எடுத்ததில்லை. சாரல் காலம் முழுக்க விடிந்ததும் குற்றாலம் ஐந்தருவியில் நிற்பார். "ஏட்டி, ஒங்க டாக்டருக்கெல்லாம் டாக்டர் மேல இருந்து விழுதாரு" என்பார். அந்த வருடம் பாறை வழுக்கிக் கால் விரலில் காயம். துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தார். வாரக்கணக்காக அதே துணிதான்.

டெஸ்ட் எடுத்த அன்று சாயங்காலம் என் போனுக்கு ரிசல்ட் வந்தது. ஆராய்ச்சியில் எத்தனையோ பேருடைய சர்க்கரையைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு உயரத்தில் பார்த்ததில்லை. வகுப்பில், நோயாளியைத் திட்டாதீர்கள் என்று சொல்லித் தருகிறவள் நான். அதெல்லாம் எங்கே போனதோ.

"இப்படியே போனா கண்ணு போயிரும், கிட்னி போயிரும். கால்ல ஒரு புண்ணு வந்தா ஆறாதுப்பா. விரல எடுத்திருவாவ!"

 அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டார்.

"எங்க போறிய?"

"வடகரைக்கு."

"இப்ப எதுக்கு?"

"அது என் ரத்தம் இல்லட்டி."

லேபில் அப்பா பேரைக் கூப்பிட்டபோது கையை நீட்டியவர் மாமா. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாராம். நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அருவியில் குளிக்கிறவன் ரத்தம் சுத்தமாக இருக்கும் என்று இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம்.

"சர்வீஸ்ல எத்தன ஆள்மாறாட்டக் கேஸு புடிச்சிருப்பேன்" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்தார். "அவன் கால்ல புண்ணு இருக்குட்டி. ஆறவே மாட்டேங்கு."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அந்த அழுக்குத் துணி நினைவுக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவியைப் பையில் போட்டு, அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

மாமா கட்டிலில் காலை நீட்டி நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நிதானமாக அப்பாவைப் பார்த்தார்.

"ரிப்போர்ட்ல யாரு பேரு போட்டிருக்கு?"

"என் பேருதான்."

"அப்ப சீக்கு ஒனக்குத்தாம்லே. எனக்கென்ன?"

 இத்தனை வருடம் படித்த கோட்பாட்டையெல்லாம் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். அப்பா அடக்கினார். "நீ சும்மா இருட்டி." என்னிடமிருந்த கருவியைக் காட்டி, விரலை நீட்டினார். "மொதல்ல எனக்குக் குத்து." கண்ணை இறுக மூடி, தோப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குத்தினேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இப்ப நீ நீட்டுலே."

மாமா சிப்ஸ் தட்டைக் கீழே வைத்தார். விரலைக் கொடுத்தார். கருவி காட்டிய எண்ணை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"விரலு போயிருமாம்மா?" என்று கேட்டார்.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று வருடா வருடம் பாடம் எடுக்கிறேன். "காலைல ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு விரல் போனது. கால் தப்பியது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். அப்பாவின் சொந்த ரத்தத்தையும் பிறகு ஒழுங்காகக் கொடுத்தோம். குறைந்திருந்தது, ஊசி வேண்டாம், மாத்திரையே போதும் என்றார்கள். அன்றைக்கே தன் கையை நீட்டியிருந்தால் பரீட்சையில் பாஸாகியிருப்பார். மாமாவுக்குக் காலே போயிருக்கும்.

இதைக் கட்டுரையாக்கச் சொல்லித் துறைத்தலைவர் நச்சரிக்கிறார். என்ன தலைப்பு வைப்பது? மோசடியின் மருத்துவப் பயன்கள் என்றா?

மாமாவுக்குத் தினமும் இன்சுலின். தானே போட்டுக்கொள்ளக் கை ஓடவில்லை. அதனால் அப்பா காலையில் எழுந்ததும் வடகரைக்குப் போய்ப் போட்டுவிட்டு வருகிறார். நர்சிடம் கேட்டுப் பழகிக்கொண்டாராம். எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

"முகத்த அங்கிட்டு திருப்பிக்கிட்டு எப்படிப்பா ஊசி போடுதிய?" என்று கேட்டேன்.

"நான் எங்க திருப்புதேன்? அவன்லா திருப்பிக்கிடுதான்" என்றார்.