இன்ஸ்பெக்டர் இலையில் பாயசம்

போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் இங்கிலீஷ் வாத்தியார்கள் மகாநாடு. விடியுமுன்பே ராஜபாளையத்திலிருந்து மாட்டு வண்டியில் கிளம்பினேன். மடியில் நான் வாசிக்க வேண்டிய கட்டுரை; வழியெல்லாம் அதையே உருப்போட்டுக்கொண்டு போனேன்.

உருப்போடாமல் என்ன செய்வது? என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு ரிப்போர்ட் எழுத வேண்டிய இன்ஸ்பெக்டர்தான் மகாநாட்டுத் தலைவர். கோட்டும் தலைப்பாகையுமாக மதுரையிலிருந்து வந்திருந்தார். அவர் தமிழ் பேசி எந்த வாத்தியாரும் கேட்டதில்லை.

கட்டுரையில் என் மரக்கட்டையைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தேன். கிளாசில் எவன் தமிழ் பேசினாலும் கயிறு கோத்த அந்தக் கட்டை அவன் கழுத்தில் ஏறும். அடுத்தவன் தமிழ் பேசினால் அவனுக்கு மாட்டிவிடலாம். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. பிரமாதமான ஏற்பாடு இல்லையா? நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்...

வாசித்து முடித்து, காட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்த கட்டையை மேஜைமேல் வைத்ததும் இன்ஸ்பெக்டர் கைதட்டினார். இன்றைக்கு நாமே இதைச் செய்து பார்ப்போம் என்று இங்கிலீஷில் சொன்னார். பிரம்படி கிடையாது — கடைசியில் கட்டையோடு நிற்பவர் பெயர் அவருடைய ரிப்போர்ட்டில் ஏறும். அவ்வளவுதான்.

அதன் பிறகு ஹாலில் சத்தமே இல்லை. வாயை வைத்துப் பிழைக்கிற இத்தனை பேர் ஊமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தேவதானத்து வாத்தியார் தும்மிவிட்டு, எந்தப் பாஷையில் தும்மினோமோ என்று திரும்பிப் பார்த்தார். ராஜபாளையத்து நண்பர் ஒருவர் மட்டும் தாராளமாகத் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். கட்டுரையில் தமிழ் என்றுதானே போட்டிருக்கிறது?

மத்தியானம் பந்தி. சமைத்துப் பரிமாறிய தவசிப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாது. நாங்கள் "இனஃப், இனஃப்" என்று கெஞ்சக் கெஞ்ச, சோறு விழுந்துகொண்டே இருந்தது. இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்தால் உபசாரம் இன்னும் கூடியது.

"வெக்கப்படாதீய சார், சாப்பிடுங்க."

கடைசியில் நான்தான் விழுந்தேன். "போதும்யா, வயிறு வெடிச்சிரும்."

காலையில் வாய்தவறிச் சொன்ன ஓர் 'ஐயோ'வுக்காக அதுவரை கட்டையைச் சுமந்த தளவாய்புரத்து வாத்தியார் எச்சில் கையோடு ஓடிவந்து கட்டையை என் கழுத்தில் மாட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

தவசிப்பிள்ளை பாயச வாளியோடு இன்ஸ்பெக்டரிடம் போனார். "நோ, நோ." ஒரு கரண்டி விழுந்தது. "ப்ளீஸ், நோ." இன்னொரு கரண்டி. பாயசம் இலையைத் தாண்டி அவர் மடிக்கு வந்தது.

"ஏலே, நிறுத்துலே. கோட்டு பூராம் ஆக்கிட்டியே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவருக்கு மாட்டினால் வேலை போகலாம். மாட்டாவிட்டால் என் பெயர் ரிப்போர்ட்டில். எப்படியும் கெட்டேன் என்று எழுந்துபோய் மாட்டினேன்.

"ரூல், சார்."

அவர் கோட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கட்டையோடு போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்புறம்தான் வேடிக்கை. அதை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பாக்கியம் யாருக்கு? ஆளாளுக்குத் தமிழில் ஆரம்பித்தார்கள்.

"சார், நான் தமிழ் பேசிட்டேன். எனக்குப் போடுங்க."

"அவருக்கு முந்தி நான் பேசினேன் சார். நீங்க எதுக்கு இம்புட்டு நேரம் சுமக்கணும்?"

தெலுங்கு நண்பர்கூடத் தமிழுக்கு வந்துவிட்டார். இங்கிலீஷ் மகாநாடு சாயங்காலம்வரை சுத்தத் தமிழில் நடந்தது.

இன்ஸ்பெக்டர் கட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. கிளம்பும்போது, கயிறு உறுத்திய கழுத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"பயலுகளுக்கு எம்புட்டு வயசிருக்கும்?"

"பத்து, பதினொண்ணு சார்," என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான் போட்டிருந்தேன். என் கழுத்தும் எரிந்துகொண்டிருந்தது.

கட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்.

நேற்றுத் தபால் வந்தது. வேலை நிரந்தரம். கீழே அவர் கையால் ஒரு வரி — இனிக் கட்டை கூடாது.

வாரம் முழுக்கக் கட்டையைக் காணாத பயல்களில் ஒருவன் இன்று காலை மெல்ல எழுந்தான். "சார், அந்தக் கட்டை எங்க?"

"இன்ஸ்பெக்டர் கழுத்துல மாட்டி அனுப்பிட்டேன்லே."

இத்தனை நாள் நான் சொன்ன இங்கிலீஷையெல்லாம் நம்பிய பயல்கள், இதை மட்டும் நம்பவில்லை.