குரலுக்கு அசையாதவர்

மைசூரில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு அவர் நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் வருவார். கதவில் தோள் இடிக்கும் உடம்பு, இடது முழங்காலில் வீக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் நம்மூர்ச் சின்ன லீக் ஒன்றில் டிஃபென்சிவ் எண்ட். பந்தை எறிய வருபவனைப் பாய்ந்து மடக்குவது அவர் வேலை. அதில் அவரை மிஞ்ச அந்த லீக்கில் ஆளில்லை.

"எழுந்திருங்க" என்றால் எழமாட்டார். என் கை முழங்காலை விட்டு விலகியதும்தான் எழுவார். காது கேட்காதோ என்றுகூட நினைத்தேன்.

"எதிர் டீம் ஏமாத்தறதுக்குன்னே கத்துவாங்க சார். பந்து அசையறதுக்கு முன்னாடி நான் அசைஞ்சா தப்பு என் மேல. குரலைக் கேக்கவே கூடாது" என்றார்.

ஸ்கேன் வந்த அன்று சொல்லிவிட்டேன்: "நிறுத்திடுங்க. யாரும் பார்க்க வராத ஆட்டத்துக்கு எதுக்குக் காலைக் கொடுக்கறீங்க?"

"வீட்லயும் இதான் சொல்றாங்க. ஃபேக்டரில சிரிக்கறாங்க. எல்லாம் குரல் சார், அஷ்டே, அவ்வளவுதான்."

"இந்த வீக்கம் குரல் இல்லையே?" என்றேன் கோபமாக.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கால்மேல் இருந்த என் கையையே, பந்தைப் பார்ப்பதுபோல், பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. எடுத்த கணத்தில் அவர் எழுந்துவிட்டார்.