பஸ்ஸில் வந்த பயில்வான்

அந்த மனுசனைப் பத்தி உனக்கு இன்னாத்துக்குடி? என் வாய்க்கொழுப்பை நானே சொல்லணுமா? சரி, உனக்கு மட்டும் சொல்றேன், கேட்டுத் தொலை.

தியாகதுருகத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருந்தவருக்குக் காது இரண்டும் பணியாரம் போல உப்பியிருந்தன. நெற்றியில் கட்டிய துண்டை அடிக்கடி கீழே இழுத்துவிட்டுக் கொண்டார். பக்கத்தில் அவருடைய மகள்.

"எங்கப்பா ஊர் ஊரா கூடாரம் போட்டு, டிக்கெட் வச்சு குஸ்தி காட்டின பயில்வானுங்க. தோத்ததே கெடையாது" என்றாள்.

டிவியில் குஸ்தி பார்ப்பதோடு, மேடைக்குப் பின்னால் நடப்பதையும் பேரன் போனில் கேட்டு வைத்திருப்பவள் நான். சும்மா இருப்பேனா?

"யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிக்குவீங்களாமே? ரத்தம் காட்ட நெத்தியில பிளேடால நீங்களே கீறிக்குவீங்களாமே?"

பஸ்ஸே சிரித்தது.

"இன்னாப்பா சொல்றாங்க?" என்றாள் மகள்.

அவர் துண்டை அவிழ்த்தார். நெற்றி முழுக்கக் கோடு கோடாகத் தழும்பு.

"ஆமாங்க ஆயா, ஜெயிக்கிறது பேசி வச்சதுதான். ரத்தம் மட்டும் என்னுது."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருசம் மகளிடம் அவர் காத்த ரகசியத்தை ஒரு சிரிப்புக்காக உடைத்துவிட்டேன். கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது என் பையை அவர்தான் தூக்கிக் கொடுத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், தோற்றதே இல்லாத பயில்வானைப் பார்த்தேன் என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன்.

"எல்லாம் நடிப்புன்னு நீதானே சொல்லிக்கினு இருந்த?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"போடி, எனக்கு இன்னா தெரியும்? அத்தனையும் நெசச் சண்டை" என்றேன்.