கோட்டையைச் சுற்றிக் காட்டிய ஞாயிறு

எனக்குக் கோட்டைப் பைத்தியம் பிடித்தது இங்கிலாந்தில். பிடிக்க வைத்தவள் அக்கா. லண்டனிலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில், ஆட்களைவிட ஆடுகள் கூடுதலாக இருக்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். நான் சுவிஸில், வில் நகரத்தில். கோடை விடுமுறைக்கு அவளிடம் போவேன். மற்றவர்களின் அக்காமார் வந்தவர்களைக் கடைக்கும் கலியாண வீட்டுக்கும் கூட்டிப் போவார்கள். என் அக்கா காரில் ஏற்றி இடிந்த சுவர்களுக்குக் கொண்டுபோவாள். வருடம் முழுக்கக் கோட்டைகளுக்குள் போய்வர ஒரு அட்டை வாங்கி வைத்திருந்தாள். "அட்டை சும்மா கிடக்குது, வெளிக்கிடு" என்பாள்.

முதல் பார்த்த கோட்டைக்குக் கூரையே இல்லை. நான்கு கோபுரங்களில் ஒன்றுதான் மிச்சம். மழை வேறு தூறியது. அகழியோரம் குடையைப் பிடித்துக்கொண்டு இருவரும் ரோல்ஸ் சாப்பிட்டோம், தெர்மோஸில் கொண்டுபோன தேநீரைக் குடித்தோம். "இந்தக் கல்லைப் பாக்கவோ இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனி?" என்று அவளில் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் அந்த வயதான மனிதர் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். சம்பளம் இல்லாமல் ஞாயிறுகளில் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறார். வெறும் புல்லைக் காட்டி, இதுதான் குசினி, சமையல் நடந்த இடம் என்றார். சுவரில் கரி பிடித்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் வில்லில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்கிறவள். அந்தக் கரியில் கை வைத்ததும் அண்டாக்களும் புகையும் தண்ணீர் தூக்குகிறவர்களும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டார்கள். சாப்பாட்டு மண்டபம் அந்தப் பக்கம், அடுப்பு இந்தப் பக்கம். கொண்டுபோவதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்குமே, துரைமார் ஏசமாட்டார்களா என்று கேட்டேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. அன்று முழுக்க அக்காவிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, அவளிடம் பேச்சும் வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஏழு கோடைகள். எத்தனை கோட்டைகள் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஏன் இந்த ஆசை என்று யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரிலும் ஒரு கோட்டை இருந்தது. நான் வளர்ந்த சண்டைக் காலத்தில் அதன் வாசலில் எப்போதும் துவக்கோடு ஆள் நிற்கும். அந்த வழியால் போனால் அம்மா எங்கள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த வயதில் கேட்டதுகூட இல்லை. இங்கே என்னடாவென்றால், ஒருவர் கதவைத் திறந்து "வாங்கோ, இது குசினி" என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் எந்த மலையும் ஏறுவேன்.

எனக்கும் அப்படி ஒருவருக்குக் கதவு திறந்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. வில்லிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் போனால் குன்றின்மேல் ஒரு பாழடைந்த கோட்டை உண்டு. ஒரு கோபுரம், ஒரு கிணறு, பாதிச் சுவரோடு ஒரு சிற்றாலயம். அதைப் பராமரிக்கிற சங்கம் வழிகாட்டிகள் தேவை என்று பாண் விற்கிற பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. எழுதிப் போட்டேன். சங்கத் தலைவி கூப்பிட்டுக் கதைத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. சிரிப்பை எண்ணிச் செலவழிக்கிறவர். சனத்தோடு ஒருமுறை சோதனையாகச் சுற்றிக் காட்ட வேண்டும், தான் பின்னால் வந்து கவனிப்பேன், சரியென்றால் மாதம் ஒரு ஞாயிறு தருவேன், சரியில்லையென்றால் இல்லை என்றார். சங்கத்தில் ஒருவர், இந்தப் பெண்ணா எங்களுடைய சரித்திரத்தை எங்களுக்குச் சொல்லித்தரப் போகிறாள் என்று கேட்டதையும் ஒளிக்காமல் சொன்னார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. ஓமடா, நான்தான் சொல்லித்தரப் போகிறேன், இருந்து பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் படித்தேன். வெங்காயம் வெட்டும்போதும் பஸ்ஸிலும் அதே நினைப்பு. இல்லத்தில் இருக்கிற வயதானவர்களைப் பிடித்துவைத்து ஒப்புவித்தேன். பாவம், சூப் ஆறும்வரை கேட்டார்கள். சோதனைக்கு அக்கா இங்கிலாந்திலிருந்து பிளேன் ஏறி வந்தாள். அவளுக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. "விளங்காட்டி என்ன, நீ பயப்பிடுறியோ இல்லையோ எண்டு முகத்தில பாத்துக்கொள்ளுவன்" என்றாள்.

ஏப்ரல் மாதம், நல்ல வெயில், ஆனால் கல் எல்லாம் குளிர். பதினாலு பேர் வந்திருந்தார்கள். தலைவி பின்னால் குறிப்புப் புத்தகத்தோடு. வாசலில் தொடங்கும்போது குரல் நடுங்கியது. கிணற்றடிக்கு வர நடுக்கம் நின்றுவிட்டது. முற்றுகைக் காலத்தில் இத்தனை பேருக்கும் என்ன சமைத்திருப்பார்கள் என்று நான் சொன்னபோது ஆட்கள் கிட்ட நெருங்கி வந்தார்கள். அக்கா தூரத்தில் நின்று பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். இனிச் சிற்றாலயம் மட்டும்தான் மிச்சம்.

அங்கேதான் என் கால் என்னைக் காட்டிக் கொடுத்தது. நாங்கள் கத்தோலிக்கர். ஊரில் மாதா கோயிலுக்குள் செருப்போடு போனால் முதுகில் விழும். சுவிஸ் வந்தபின் இங்குள்ள கோயில்களில் எல்லோரையும்போல் சப்பாத்தோடு போய்ப் பழகிவிட்டேன். ஆனால் அந்தச் சிற்றாலயத்துக்கு மூன்று கல்படிகள். நடுவில் தேய்ந்து குழிந்த படிகள். முதல் படியில் கால் வைத்ததும், கதையை நிறுத்தாமலே, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டேன். கழற்றியது எனக்கே தெரியாது.

என்னை மட்டும் கண்டிருந்தால், இந்த மனுசிக்குக் கால் நோகிறதாக்கும் என்று விட்டிருப்பார்கள். பின்னாலேயே அக்காவும் கழற்றி என்னுடையதற்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருக்கிறாள். இரண்டு பேர் செய்தால் அது சட்டம்தானே. திரும்பிப் பார்க்கிறேன், பதினாலு பேரும் குனிந்து நாடா அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்! அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அப்படியே நடக்கிற சனம் இது. இதற்குப் பலகையும் தேவைப்படவில்லை. படியோரம் மலையேறும் சப்பாத்துகள் வரிசையாக நின்றன. என்ர மாதாவே, மூன்று மாதப் படிப்பும் போச்சுது என்று நினைத்தேன்.

தாடிக்காரர் ஒருவர் சப்பாத்தில்லாமல் வெறும் கால்மேசோடு நின்று கேட்டார். "இது அந்தக் காலத்து வழக்கமா? பிரபுக்களும் இங்கே இப்படித்தான் கழற்றினார்களா?"

அக்கா கிட்ட வந்து, "என்னவாம்?" என்றாள்.

"அந்தக் காலத்துப் பழக்கமோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லன். செத்துப்போனவை எழும்பி வந்தே இல்லையெண்டு சொல்லப் போகினம்?"

"நீ வாயைப் பொத்து. எல்லாம் உன்னால வந்தது."

"நீ கழட்டினாய், நானும் கழட்டினன். எனக்கென்ன தெரியும்?"

பதினாலு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவி வாசலில் சப்பாத்தோடு நின்றார், பேனை கையில். ஓம் என்று சொல்லியிருந்தால் அவர் ஒருவருக்குத்தான் பொய் என்று தெரிந்திருக்கும். அவர் ஒருவர் போதாதா? அதைவிட, சங்கத்தில் இந்தப் பெண்ணா என்று கேட்டவனுக்கு நான் பொய்ச் சரித்திரமா சொல்வது?

"இல்லை. அப்படி எந்தக் குறிப்பிலும் இல்லை. இது என்னுடைய பழக்கம். நான் பிறந்த இடத்தில் கோயிலுக்குள் சப்பாத்தோடு போகமாட்டோம். இங்கே கூரை இல்லை, மணி இல்லை. ஆனால் இந்தப் பீடக் கல்லுக்கு முன்னால் நானூறு வருடமாக ஆட்கள் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். படியைப் பாருங்கள், ஏறி ஏறித் தேய்ந்திருக்கிறது. என் காலுக்கு அது கோயில் என்று தெரிந்துவிட்டது. பிழை என்னுடையது. குளிர்ந்தால் போட்டுக்கொள்ளுங்கள்."

ஒருவரும் போடவில்லை. தாடிக்காரர் தொப்பியையும் கழற்றினார். பிறகு யாரும் எதுவும் கதைக்கவில்லை. நானும் மிச்சத்தைச் சொல்லாமல் நின்றேன். கீழே பஸ் ஒன்று வளைவு திரும்புகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் தலைவி குறிப்புப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அவருடையது கணுக்காலுக்கு மேலே நாடா கட்டுகிற சப்பாத்து. அவிழ்க்க நெடுநேரம் எடுத்தது. அத்தனை பேரும் அவருக்காகக் காத்து நின்றோம். அவர் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார்.

எல்லோரும் கலையத் தொடங்கியபின் கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சொன்னார். கோபுரத்தின் உயரத்தைத் தவறாகச் சொன்னேனாம், திருத்த வேண்டும். கிணற்றடியில் வேகமாகக் கதைத்தேனாம். "இருபது வருடமாக நான் அந்த இடத்தை ஏழு மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம் என்று சொல்லி வந்திருக்கிறேன்" என்றார். "அங்கே யாரும் இப்படிப் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. மே மாதம் முதல் ஞாயிறு உங்களுடையது. அரை மணித்தியாலம் முன்னதாக வாருங்கள், கதவை நீங்கள்தான் திறக்க வேண்டும்." பிறகு சாவிக்கொத்திலிருந்து கோட்டைக் கதவின் திறப்பைக் கழற்றி என் கையில் வைத்தார்.

திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு அக்காவிடம் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்து அவள் பதறிப் போனாள்.

"என்னடி? என்னவாம்? ஏலாதெண்டு சொல்லிப்போட்டாவோ?"

திறப்பைக் காட்டினேன். "என்னட்டத் தந்திட்டா அக்கா. கோட்டையை."

அக்கா அந்த இடத்திலேயே என்னைக் கட்டிப் பிடித்தாள். பெருமை எனக்கு நெஞ்சுக்குள் அடங்கவில்லை, கண்ணால் ஓடியது. தாடிக்காரர் காரைப் பின்னுக்கு எடுப்பதை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழாதையடி, சனம் பாக்குது" என்றாள்.

"பாக்கட்டும்" என்றேன். "மே மாசமும் வந்து பாக்கட்டும்."