வெளிப்பக்கம் தாழிட்ட கோட்டை

பேய் என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதார் அட்டை இருக்கிறதா என்று கேட்கிற ஆள் நான். இனி நான் சொல்வதை நம்பாவிட்டால் போங்கள், என் வீட்டிலேயே நம்பவில்லை.

தா.பழூர் பக்கம் அகழாய்வில், வரலாற்றுக்கு முந்தைய கோட்டை ஊர் ஒன்றின் தடம் கிடைத்தது. வட்டமாக மண்சுவர், உள்ளே குடிசைகள். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று பக்கத்துத் திடலில் அதே அளவில் மாதிரி ஒன்று கட்டினார்கள். மரவேலை நானும் கலியபெருமாளும். முப்பது வருடக் கூட்டாளி. தை பிறந்தால் அவன் மகனுக்கு என் மகள் என்று பேச்சு.

கோட்டைக் கதவுக்குக் குறுக்குக்கட்டை வெளிப்பக்கம் போடச் சொன்னார்கள்.

"எந்தக் கோட்டைக்கு சார் வெளியில தாழ்ப்பாளு? இது என்ன மாட்டுக்கொட்டாயா?" என்றேன்.

"தோண்டுனதுல தாழ்ப்பாள் குழி வெளிப்பக்கந்தான் இருக்கு. அப்படியே வைங்க" என்றார் ஆய்வாளர். வைத்தோம். இரண்டு ஆள் இல்லாமல் தூக்க முடியாத கட்டை.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கலியன் வாசலில் பீடி பற்றவைக்க, நான் உளியை எடுக்க உள்ளே போனேன். நடுக்குடிசையில் உலக்கை போடும் சத்தம். எட்டிப் பார்த்தால் ஆளும் இல்லை, உலக்கையும் இல்லை, சத்தம் மட்டும் இடித்துக்கொண்டிருக்கிறது. "மச்சான்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தால் கதவு சாத்தியிருந்தது. வெளியே கட்டை விழுந்தது காதில் கேட்டது.

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவன், ஏழடிச் சுவரை எப்படித் தாண்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கைலி மட்டும் தாண்டவில்லை. டவுசரோடு டீக்கடைக்கு ஓடினேன். அங்கே இருந்த கலியன் என்னைக் கண்டதும் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றான்.

"ஏன்டா, என்னைய உள்ள வச்சு அடைச்ச?"

"ரெண்டு பேருந்தானடா போட்டோம்! மறுமுனையப் புடிச்சதே நீதான? 'என்னைய மாதிரியே இன்னொருத்தன் உள்ள இருக்கான், சீக்கிரம் போடு'ன்னியே... அப்ப நீ யாரு?"

சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லத்தான் மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் முந்திக்கொண்டான். "பொண்ணு வேணாங்க" என்றான். முப்பது வருடம் "டா" போட்டவன், "ங்க" போட்டான்.

இப்போது எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறான். துரோகம் செய்தவன் அவன், கோபம் என்னுடையது. ஆனால் தப்பி வெளியே வந்துவிட்ட எதையோ பார்க்கிற மாதிரிதான் என்னைப் பார்க்கிறான்.